குடும்பத்தோடு டார்ஜிலிங்

டார்ஜிலிங் என்றால் ஆண்பிள்ளைகள் நண்பரோடு போய்வரும் இடம் என்ற எண்ணமே எங்கள் காளிகாட் இல்லத்தில் வெகுகாலம் இருந்தது. குளிரும் ஏற்றமும் பெண்களுக்கு ஒவ்வா என்று சொல்லிக்கொள்வோம். ஆண்டுதோறும் கிடைக்கும் ரயில்வே பாஸும் ஊருக்குப் போய்வருவதிலேயே தீர்ந்துவிடும். சென்ற பங்குனியில் பிள்ளைகளின் பரீட்சை முடிந்தவுடன், அன்னையார் உள்பட ஐவரும் துணிந்து புறப்பட்டோம்.

சியால்டாவில் இரவு வண்டியேறி, மறுநாட் காலை நியூ ஜல்பைகுரியில் இறங்கி, ஐந்து நாளைக்கு ஒரு வேன் அமர்த்திக்கொண்டோம். அரிசி, ரசப்பொடி, ஊறுகாய் எல்லாம் வீட்டிலிருந்தே வந்தன. ரயிலில் அடுப்புக் கொண்டுபோகலாகாது என்பதை அறிந்தவர்களாகையால், சிறிய காஸ் அடுப்பை மட்டும் சிலிகுரிக் கடைத்தெருவில் வாங்கினோம். அது முதல் அந்த வேனே எங்கள் வீடாயிற்று.

முதலில் ஜல்தாபாராக் காட்டுக்குச் சென்றோம். தோர்சா நதிக்கரையிலுள்ள இக்காடு 1941-இல் சரணாலயமாயிற்று. 2012-இல் தேசியப் பூங்காவாயிற்று. வேட்டைக்காரரால் 1980-களில் இருபதுக்கும் கீழாகக் குறைந்த ஒற்றைக்கொம்பு காண்டாமிருகங்கள், 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் 292 ஆகப் பெருகியிருந்தன. யானைமேற் செல்ல எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. விடியற்காலையில் ஜீப்பில் ஏறி, இரண்டு மணி நேரம் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் சலித்துப்போன சமயத்தில், முப்பது கஜ தூரத்தில் ஒன்று தலையை நிமிர்த்திற்று. "கவசம் பூட்டின எருமை மாதிரி இருக்கிறதடா!" என்றார் அன்னையார். ஆனித் தொடக்கத்திலிருந்து ஆவணி முடியும்வரை மழைக்காகக் காட்டை மூடிவிடுவார்கள். போக விரும்பும் அன்பர்கள் இதை நினைவிற் கொள்க.

அங்கிருந்து மலையேறினோம். டார்ஜிலிங்கிலிருந்து கூம் வரையில் சிறிய ரயிலில் போய்வந்தோம். நீலகிரி ரயிலில் சென்றிருக்கும் எங்கள் பையன், பல்சக்கரத் தண்டவாளம் எங்கே என்று குனிந்து தேடினான். இங்கே அது கிடையாது. 1881-இல் முடிந்த இப்பாதை, இரண்டடி அகலத் தண்டவாளத்தில் வளைந்தும், முன்னும் பின்னுமாக நகர்ந்துமே 7,407 அடி உயரத்திலுள்ள கூமை எட்டுகிறது. வழியில் பட்டாசியா வளைவின் நடுவே, போரில் உயிர்நீத்த கூர்க்கா வீரர்களுக்கு 1995-இல் எழுப்பிய நினைவுத்தூண் நிற்கிறது.

1958-இல் தொடங்கிய மிருகக்காட்சிசாலை வியாழக்கிழமைகளில் அடைத்திருக்கும். அது தெரியாமல் வியாழனன்றே சென்று திரும்பினோம்! மறுநாள் பனிச்சிறுத்தை தூங்கிக்கொண்டிருந்தது. செம்பாண்டாதான் மரத்துக்கு மரம் தாவிப் பிள்ளைகளை மகிழ்வித்தது. அதே வளாகத்தில் டென்சிங் நோர்கேயின் சமாதியும் உள்ளது.

கடைசி நாள், சகோதரி நிவேதிதையின் நினைவிடம் பார்க்க விரும்பினோம். கல்கத்தாவில் பெண்களுக்குப் பள்ளி நடத்திய அவ்வம்மையார் 1911 அக்டோபர் 13-இல் இம்மலையிலேயே காலமானார். நினைவிடமோ சுடுகாட்டில் உள்ளது. "பெண்கள் அங்கே போவதுண்டா? நீயும் பையனும் போய்வாருங்கள்" என்று அன்னையார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் மனைவியார் ஒன்றும் பேசவில்லை. ஏறிய வேனிலேயே அமர்ந்திருந்தார்.

அப்பொழுது எங்கள் பெண், சங்கத்தின் ஞாயிறு வகுப்பிலே கேட்ட கதையைப் பாட்டிக்குச் சொல்லத் தொடங்கினாள். பாரதியார் நிவேதிதையைக் காணச் சென்றபோது, மனைவியை ஏன் அழைத்துவரவில்லை என்று அம்மையார் வினவினாராம். எங்கள் பக்கத்தில் அப்படி வழக்கமில்லை என்று பாரதியார் சொன்னதும், பெண்களில் பாதிப்பேரை அல்ல, சமூகத்தின் பாதியையே அடைத்துவைத்துவிட்டு விடுதலை எப்படி என்று கடிந்தாராம். அவரையே பாரதியார் பின்னர்க் குருவாகக் கொண்டார்.

அன்னையார் சிறிது நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மருமகளை நோக்கி, "இறங்கம்மா, நீயும் போய்ப் பார்த்துவிட்டு வா. முழங்கால் சரியாயிருந்தால் நானும் வந்திருப்பேன்" என்றார்.

சரிவில் நால்வரும் இறங்கினோம். மனைவியார் வழியிற் பறித்த இரண்டு காட்டுப்பூக்களை அங்கே வைத்தார். விடுதிக்குத் திரும்பியதும், குளிக்காமல் யாரும் அடுப்பருகே வரக்கூடாது என்று அன்னையார் ஆணையிட்டார். அந்தக் குளிரில், வெந்நீர் வாளி ஒன்றுக்கு விடுதிக்காரர் தனியே காசு வாங்கினார்.