மொறுமொறு உருளைக்கிழங்கு: ரகசியம் கொதிநீரில்!

நீலகிரி உருளைக்கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டி வழியாகச் சமவெளிக்கு வருகிறது. சேலத்தை அடுத்த பனமரத்துப்பட்டியிலும் அது பழகிய கறிதான். ஆனால் ஓவனில் சுட்டால் பல வீடுகளில் சவசவத்துப் போகிறது. காரணம் ஈரம்!

செய்யும் முறை

ஒரு கிலோ கிழங்கைத் தோல் சீவி, பெரிய துண்டுகளாக நறுக்குங்கள். இரண்டு லிட்டர் நீரில் உப்பும் அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவும் போட்டு, 10 நிமிடம் வேகவையுங்கள். சோடா கிழங்கின் மேற்புறத்தை இளக்கும். நீரை வடித்து, ஆவி அடங்கியபின் குலுக்குங்கள். ஓரங்கள் மாவாகும். அந்த மாவுதான் பிறகு மொறுமொறுப்பாகிறது!

நான்கு மேசைக்கரண்டி கடலை எண்ணெயில் புரட்டி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்புங்கள். 220 டிகிரி சூட்டில் 40 முதல் 50 நிமிடம் வேண்டும். நடுவில் ஒருமுறை திருப்பிவிடுங்கள்.

ஓவன் இல்லையா? சிறு துண்டுகளாக்கி, இரும்பு தோசைக்கல்லில் மிதமான தீயில் வறுக்கலாம். மூடி போடக் கூடாது.

கருக விடாதீர்கள்!

மாவுப் பண்டங்கள் 120 டிகிரிக்கு மேல் வறுபடும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உண்டாகிறது என்று 2002-ல் சுவீடன் விஞ்ஞானிகள் அறிவித்தனர். நிறம் கறுக்கக் கறுக்க அதுவும் கூடும். பச்சை படர்ந்த கிழங்கிலும் நச்சு உண்டு, ஒதுக்கிவிடுங்கள்.

பொன்னிறம் வந்ததும் இறக்குங்கள். அதுவே பதம்!