இரவுச் சாப்பாட்டுக்கு அடம்பிடிக்கும் குழந்தை: அனைவருக்கும் ஒரே சமையல்

எங்கள் குழந்தைகள் நலப் புறநோயாளிகள் பிரிவில் வாரந்தோறும் கேட்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு: “குழந்தை ஒன்றுமே சாப்பிடுவதில்லை, பசி எடுக்க ஏதேனும் டானிக் எழுதிக் கொடுங்கள்.” சொல்பவர் பெரும்பாலும் தாய், சில வேளைகளில் பாட்டி. அருகில் இரண்டு அல்லது மூன்று வயதுக் குழந்தை நாற்காலியின்மீது ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் குறிப்போம். பெரும்பாலும் எடை வயதுக்கு ஏற்றபடியே இருக்கும்.

பிறகு, முந்தைய நாள் குழந்தை உண்டதையும் குடித்ததையும் வரிசையாகச் சொல்லச் சொல்வோம். காலையில் ஒரு டம்ளர் பால், பதினொரு மணிக்குப் பிஸ்கட், மதியம் சில வாய்ச் சோறு, மாலையில் மீண்டும் பால், ஆறரை மணிக்குக் கடையில் வாங்கிய சிப்ஸ், இரவு எட்டரை மணிக்குச் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டை ஊட்ட ஒரு மணி நேரம் ஆகிறது, கைப்பேசி வேண்டியிருக்கிறது, முடிவில் தாயும் குழந்தையும் சேர்ந்தே அழுகிறார்கள். இந்த நிலையில் உள்ள குடும்பங்களுக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

பசி குறைவது ஏன்?

நம் நாட்டில் ஏறத்தாழ 3 கிலோ எடையுடன் பிறக்கும் குழந்தை, முதலாண்டு நிறைவில் ஏறத்தாழ 9 கிலோ எடையை எட்டுகிறது. இரண்டாம் ஆண்டில் அதே குழந்தை 2 முதல் 2.5 கிலோ வரைதான் கூடுகிறது. வளர்ச்சியின் வேகம் தணியும்போது பசியும் தணிகிறது. “ஒரு வயது வரை நன்றாகச் சாப்பிட்ட பிள்ளை, இப்போது வாயைத் திறப்பதில்லை” என்று பெற்றோர் கவலைப்படுவது பெரும்பாலும் இந்த இயல்பான மாற்றத்தைக் கண்டுதான்.

இரண்டாவது காரணம், புதிய உணவைக் கண்டால் எழும் அச்சம். இரண்டு வயது முதல் ஆறு வயது வரை இது மிகுதியாக இருக்கும். கீரையின் கசப்பும் வெண்டைக்காயின் வழவழப்பும் குழந்தைக்கு அந்நியமானவை. ஒருமுறை துப்பிவிட்டதால் அந்த உணவு என்றைக்கும் பிடிக்காது என்று முடிவு செய்துவிடக் கூடாது. ஒரு புதிய உணவை ஏற்றுக்கொள்ள 8 முதல் 15 முறை வரை அதைக் காணவும் தொடவும் சுவைக்கவும் வேண்டியிருக்கலாம். மூன்றாம் முறையிலேயே பெரும்பாலான வீடுகளில் முயற்சி கைவிடப்படுகிறது.

யாருக்கு எந்தப் பொறுப்பு?

எல்லின் சாட்டர் என்னும் அமெரிக்க உணவியல் வல்லுநர், சாப்பாட்டுப் பொறுப்பை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். எந்த உணவு, எப்போது, எங்கே என்பதைத் தீர்மானிப்பது பெற்றோர். உண்பதா வேண்டாமா, எவ்வளவு உண்பது என்பதைத் தீர்மானிப்பது குழந்தை. நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. என்ன சமைப்பது என்பதைக் குழந்தை முடிவு செய்கிறது. எத்தனை வாய் உண்ண வேண்டும் என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்கிறார்கள்.

பெரியவர்களின் பொறுப்பு சிறியதன்று. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கிளாரா டேவிஸ் 1920களில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். பால்குடி மறந்த குழந்தைகள் முன் பல வகை எளிய உணவுகளை வைத்து, வேண்டியதை வேண்டிய அளவு உண்ணவிட்டார். ஒரே நாளில் ஒரே உணவை மிகுதியாக உண்பதும் மறுநாள் அதைத் தொடாமல் விடுவதுமாக இருந்தாலும், அக்குழந்தைகள் நன்றாகவே வளர்ந்தனர். ஆனால் அவர்கள்முன் இருந்தவை தானியம், காய், பழம், இறைச்சி, முட்டை, பால் போன்றவை மட்டுமே. இனிப்புப் பண்டங்கள் இல்லை. தேர்வு குழந்தையுடையது, தட்டில் வைத்தவை பெரியவர்களுடையவை.

வற்புறுத்தினால் என்ன நேர்கிறது?

அழும் குழந்தையின் வாயில் உணவைத் திணித்தால், அது மூச்சுக்குழாய்க்குள் சென்று அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. கைப்பேசியைக் காட்டி ஊட்டும்போது, வயிறு நிறைந்ததை உணரும் இயல்பான திறன் மங்குகிறது. “கீரை சாப்பிட்டால் சாக்லேட் தருகிறேன்” என்றால், கீரை தண்டனை என்றும் சாக்லேட் பரிசு என்றும் குழந்தை கற்றுக்கொள்கிறது. அண்ணனோடும் பக்கத்து வீட்டுக் குழந்தையோடும் ஒப்பிட்டுப் பேசுவதும் பயன் தருவதில்லை.

பாலும் இரும்புச்சத்தும்

சாப்பிடாத குழந்தைக்குப் பாலையாவது கொடுப்போம் என்று எண்ணுவது இயல்பு. ஆயினும் பசியைப் போக்கும் முதற்பொருள் பெரும்பாலும் அந்தப் பால்தான். பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. மற்ற உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதையும் அது குறைக்கிறது. இரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்தால் பசியும் குறைகிறது. பசி குறைந்ததும் மேலும் பாலே கொடுக்கப்படுகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதத்தினருக்கும், தமிழ்நாட்டில் 57 சதவீதத்தினருக்கும் இரத்தசோகை இருந்தது. ஆகவே இது ஒரு சில வீடுகளின் பிரச்சினை அன்று.

ஒரு வயதைக் கடந்த குழந்தைக்கு ஒரு நாளில் 400 முதல் 500 மில்லி பால் போதும். தயிரும் இந்தக் கணக்கில் சேரும். பாட்டிலை விட்டு டம்ளருக்கு மாற்றினாலே பாலின் அளவு பல வீடுகளில் குறைந்துவிடுகிறது. தேநீர், காபி இரண்டும் வேண்டாம். தேநீர் இரும்புச்சத்தைத் தடுக்கக் கூடியது.

இரவுக்கு என்ன சமைப்பது?

குழந்தைக்கென்று தனிச் சமையல் வேண்டியதில்லை. வீட்டாருக்குச் சமைப்பதிலேயே, மிளகாயும் காரப்பொடியும் சேர்ப்பதற்குமுன் குழந்தையின் பங்கை எடுத்து வைத்தால் போதும். கீழ்க்கண்டவை நாங்கள் பெற்றோருக்குச் சொல்லி வருபவை.

பருப்புச் சோறு: துவரம்பருப்புடன் கேரட், மஞ்சள் பூசணி, தக்காளி சேர்த்துக் குக்கரில் வேகவைத்து, குழந்தையின் பங்கை மசித்து நெய் விட்டுச் சோற்றுடன் பிசையுங்கள். மீதியில் புளியும் சாம்பார்ப்பொடியும் சேர்த்தால் பெரியவர்களுக்குச் சாம்பார்.

முட்டைத் தோசை: வீட்டிலிருக்கும் தோசை மாவில் சிறு தோசை வார்த்து, மேலே அடித்த முட்டையைப் பரப்பிச் சிறிது மிளகுத்தூள் தூவுங்கள். முட்டை உண்ணாத வீடுகளில் துருவிய கேரட்டோ பனீரோ தூவலாம்.

கீரை அடை: ஊறவைத்த அரிசியையும் பருப்புகளையும் அரைத்த மாவில், பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரையும் வெங்காயமும் கலந்து மெல்லிய அடையாக வாருங்கள். உடன் ஒரு துண்டு ஆரஞ்சோ கொய்யாவோ வைத்தால், அதிலுள்ள வைட்டமின் சி கீரையின் இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும்.

ரவைக் கிச்சடி: பட்டாணி, பீன்ஸ், கேரட்டுடன் நன்கு குழைய வேகவைத்தது. பட்டாணியைக் குழந்தைக்கு மசித்துக் கொடுங்கள்.

மீன் சோறு: குழம்பிலிட்ட மீன் துண்டின் காரத்தை வெந்நீரில் அலசி, முள்ளை விரலால் தடவிப் பார்த்து முழுவதும் நீக்கியபின் உதிர்த்து, சோற்றில் பிசையுங்கள்.

எந்த இரவாயினும், குழந்தை வழக்கமாக உண்ணும் ஒன்று தட்டில் இருக்கட்டும். அது தயிர்ச் சோறாகவோ ஒரு இட்லியாகவோ இருக்கலாம். அதனருகில் புதிய உணவை ஒரு தேக்கரண்டி அளவே வையுங்கள். உண்ணும்படி சொல்ல வேண்டாம். கீரையை மாவில் மறைத்துக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் எப்போதும் மறைத்தே கொடுத்தால் கீரை எப்படி இருக்கும் என்பதைக் குழந்தை அறியாது. கூட்டாகவோ கடைசலாகவோ அவ்வப்போது கண்ணுக்குத் தெரியும்படியும் வையுங்கள்.

எவ்வளவு, எப்போது, எப்படி?

தொடக்கத்தில் ஒவ்வொரு உணவிலும் வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்பது எளிய கணக்கு. இரண்டு வயதுக் குழந்தைக்கு இரண்டு கரண்டிச் சோறு, இரண்டு கரண்டிப் பருப்பு, அதற்கும் குறைவான காய். முடித்துவிட்டு மேலும் கேட்டால் கொடுங்கள். குவித்து வைத்த தட்டைக் கண்டாலே பல குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன.

இரவுச் சாப்பாட்டை ஏழு அல்லது ஏழரை மணிக்குள் வையுங்கள். தூக்கம் கண்ணைச் சுழற்றும் வேளையில் எந்தக் குழந்தையும் உண்ணாது. அதற்குமுன் இரண்டு மணி நேரம் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வேண்டாம். மாலைச் சிற்றுண்டிக்கு, பிஸ்கட்டுக்குப் பதிலாக மசித்த சுண்டலோ பழமோ ஐந்து மணிக்குள் கொடுத்துவிடலாம். முழு வேர்க்கடலையும் முழுத் திராட்சையும் ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு மூச்சடைப்பை உண்டாக்கலாம். கடலையை அரைத்தும் திராட்சையை நீளவாக்கில் நறுக்கியும் கொடுங்கள்.

வீட்டார் இருவரேனும் குழந்தையோடு அமர்ந்து அதே உணவை உண்ணுங்கள். தொலைக்காட்சியும் கைப்பேசியும் அணைந்திருக்கட்டும். குழந்தை தன் கையாலேயே உண்ணட்டும், சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம். இருபது முதல் முப்பது நிமிடங்கள் கழிந்ததும், திட்டாமலும் கெஞ்சாமலும் தட்டை எடுத்துவிடுங்கள். தூங்குமுன் பால் கொடுக்கும் வழக்கம் இருந்தால், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அதே அரை டம்ளர்தான். சாப்பிடாத நாளில் ஒரு டம்ளராக உயர்த்தினால், சோற்றை மறுத்தால் பால் வரும் என்பதைக் குழந்தை விரைவில் கண்டுகொள்ளும். ஒரு வேளையை வைத்துக் கணக்குப் பார்க்காமல் ஒரு வாரத்தை வைத்துப் பாருங்கள்.

வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் இருக்கும்போது

இம்மடலை வாசிப்போரில் பலர், வார்டில் ஒருவருக்குத் துணையாக இருந்துகொண்டு குழந்தையை வீட்டில் விட்டு வந்தவர்கள். அந்நாட்களில் குழந்தை குறைவாக உண்பது இயல்பு. புதிய உணவுகளை அறிமுகப்படுத்த இது ஏற்ற காலமன்று. பழகிய நான்கைந்து உணவுகளும் பழகிய நேரமும் அதே தட்டும் இருந்தால் போதும். பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டியிடம், எத்தனை வாய் உண்டது என்று தொலைபேசியில் கேட்பதைவிட, குழந்தையோடு சிறிது நேரம் பேசுங்கள். காய்ச்சலிலிருந்து மீளும் குழந்தைக்கும் இதுவே பொருந்தும். சில நாட்களில் பசி தானாகத் திரும்பும். அதுவரை நீராகாரம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது எங்களிடம் வர வேண்டும்?

எடை குறைந்தாலோ, சில மாதங்களாகக் கூடாமலே இருந்தாலோ வாருங்கள். விழுங்கும்போது இருமல், புரையேறுதல், அடிக்கடி வாந்தி இருந்தாலும், உள்ளங்கையும் கண் இமையின் உட்புறமும் வெளுத்திருந்தாலும், மண், சுண்ணாம்பு, சாக்பீஸ் போன்றவற்றைத் தின்றாலும் காலம் தாழ்த்த வேண்டாம். நாள்பட்ட மலச்சிக்கலும் பசியைக் கெடுக்கும். உண்ணும் உணவு வகைகள் இருபதுக்கும் கீழாகச் சுருங்கி, முன்பு உண்டவையும் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டே போனால், அதைப் பிடிவாதம் என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மேலே சொன்னவை நலமாக வளரும் குழந்தைகளுக்கானவை. இன்சுலின் எடுத்துக்கொள்ளும் குழந்தை இரவுணவைத் தவறவிட்டால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். இதயம், சிறுநீரகம், புற்றுநோய் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளுக்கும் உணவுத் திட்டம் வேறு. அவர்களின் பெற்றோர் எந்த மாற்றத்தையும் தங்கள் மருத்துவரைக் கேட்டபின்னரே செய்ய வேண்டும். டானிக்கையும் அவ்வாறே, காரணம் அறியாமல் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இம்முறைக்கு மாறும் முதல் வாரம் எளிதாக இராது. குழந்தை அழும்; பெரியவர்கள் மனம் பொறுக்க மாட்டார்கள். ஆகவே தொடங்குமுன் பாட்டி உட்பட வீட்டார் அனைவரும் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். அடுத்த முறை எடை பார்க்க வரும்போது, ஒரு வாரத்தில் குழந்தை உண்டதையும் குடித்ததையும் ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். அதைப் பார்த்து, உங்கள் வீட்டுச் சமையலிலிருந்தே என்ன செய்யலாம் என்பதைச் சேர்ந்து முடிவு செய்வோம்.