முடக்குவாதமும் ரத்தப் பரீக்ஷையும்

திருத்தணிப் பிரதேசத்தில், ஆந்திர எல்லையை அடுத்துள்ள அம்மையார்குப்பம் நெசவாளர் ஊர். அறுந்த இழையை முடிய விரல் மடங்காவிடில் அங்கே கூலி இல்லை. காலையில் எழுந்து ஒரு மணி நேரம் சென்றும் இரு கை மூட்டுகளும் விறைத்து வீங்கியிருக்குமாயின், அதை 'வாயு' என்று தைலம் தடவிக் காலங் கடத்துவது பேதைமை. முடக்குவாதம் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே எலும்பை அரிக்கத் தொடங்கிவிடலாம்.

ரத்தப் பரீக்ஷைக் காகிதம் ஒன்றையே நம்பித் துக்கமோ சந்தோஷமோ கொள்வோரும் உளர். ஒரே பத்திரத்தைக் காட்டி வழக்கு ஜெயித்ததாக எண்ணும் கட்சிக்காரரை நாம் அறிவோம், இதுவும் அத்தகையதே. 1940-இல் நார்வே தேசத்து வாலரும், 1948-இல் அமெரிக்காவில் ரோஸும், செம்மறியாட்டின் ரத்த அணுக்களை நோயாளியின் சீரம் திரளச் செய்வதைக் கண்டனர். அதற்குக் காரணமான ருமடாய்டு ஃபாக்டர் க்ஷயரோகிகளிடமும், நோயற்ற முதியோர் சிலரிடமும் உண்டு. முடக்குவாதக்காரரில் ஏறக்குறைய ஐவரில் ஒருவரிடம் இல்லை. பிற்காலத்து 'ஆன்டி-சிசிபி' பரீக்ஷை பிறர் மீது வீண்பழி சுமத்துவது குறைவு. எனினும் அதுவும் நோயாளிகள் பலரைத் தவற விடுகிறது.

2010-இல் அமெரிக்க, ஐரோப்பிய வைத்திய சங்கங்கள் வகுத்த விதிப்படி நோயை நிர்ணயிக்கப் பத்துக்கு ஆறு மதிப்பெண் வேண்டும். ரத்தம் தருவது அதிகபட்சம் நான்கே. மீதியை வீங்கிய மூட்டுகளும் நோயின் காலமும் தரவேண்டும். ஆகவே, கையைத் தொட்டுப் பாராமல் காகிதத்தை மட்டும் படிக்கும் வைத்தியத்தை நாம் ஏற்பதற்கில்லை.

இந்நோய்க்கு முதன்மையான மருந்து மெதோட்ரெக்ஸேட். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் அமெரிக்க ஆராய்ச்சிக் குழுவினர் ஆக்கியது அது. வாரத்திற்கு ஒருமுறையே அதை உட்கொள்ள வேண்டும். தினந்தோறும் விழுங்கினால் உயிருக்கே அபாயம்.