கான்கிரீட் வெட்டும் வைரச் சங்கிலி ரம்பம்

வைரச் சங்கிலி ரம்பம் என்பது கான்கிரீட், கருங்கல், செங்கல் சுவர் ஆகியவற்றை அறுக்கும் கருவியாகும். பார்வைக்கு மரம் அறுக்கும் சங்கிலி ரம்பம் போலவே இருக்கும். ஆனால் இதன் சங்கிலியில் கூரிய பற்கள் இல்லை. செயற்கை வைரத் துகள்கள் கலந்த உலோகத் துண்டுகள் பற்றவைக்கப்பட்டிருக்கும். அவை கான்கிரீட்டைச் செதுக்குவதில்லை, தேய்த்து அரைக்கின்றன.

வட்டத் தகடு கொண்ட கட்டிங் மெஷின் தன் விட்டத்தில் பாதிகூட உள்ளே இறங்காது. சங்கிலி ரம்பமோ பட்டையின் நீளம் முழுவதும் இறங்கும்; ஜன்னல் திறப்பின் மூலைகளையும் கோடு தாண்டாமல் வெட்டும்.

மீட்புப் பணியில்

2014 ஜூன் 28 அன்று சென்னை போரூரை அடுத்த மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தனர். அரக்கோணத்தைத் தளமாகக் கொண்ட தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் அங்கே பல நாட்கள் பணியாற்றினர். அடுக்கடுக்காகச் சரிந்த தளங்களைச் சம்மட்டியால் இடித்தால், அந்த அதிர்விலேயே மீதியும் உள்ளிருப்பவர் மேல் விழக்கூடும். அதிர்வு குறைந்த இந்த ரம்பம் இப்படையின் கருவிகளுள் ஒன்றாக இருப்பதற்கு அதுவே காரணம். இடுக்கான இடங்களில் பெட்ரோல் இயந்திரத்தின் புகை ஆபத்தானது; அங்கு ஹைட்ராலிக் வகையே ஏற்றது.

தண்ணீர்

தண்ணீர் இல்லாமல் இதை ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது. மர ரம்பத்துக்கு எண்ணெய் செய்யும் வேலையை இங்கே தண்ணீர் செய்கிறது. சங்கிலியைக் குளிர்விக்கிறது, அரைபட்ட சேற்றை வெளியேற்றுகிறது, தூசியை அடக்குகிறது. கான்கிரீட் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். ஆகவே தண்ணீர் ஓடினாலும் முகக்கவசம் தேவை.

கையடக்க ரம்பங்களுக்குப் பொதுவாகச் சுமார் 1.5 பார் நீரழுத்தம் வேண்டும். 10 மீட்டர் உயர நீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். அப்படியானால் மேல்சித்தாமூர் போன்ற ஊரில், 4 மீட்டர் உயரத்து மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் 0.4 பார்தான் தரும். குழாயில் தண்ணீர் வருகிறதே என்று நம்பிச் சங்கிலியைக் கெடுத்துக்கொள்பவர் உண்டு. சிறு பம்பு வைப்பதே வழி.

வெட்டும் முறை

முதலில் கீழ்க்கோடு, அடுத்து மேல்கோடு, கடைசியில் பக்கங்கள் என வெட்ட வேண்டும். வரிசை மாறினால் துண்டு இறங்கிப் பட்டையைக் கவ்விக்கொள்ளும். ரம்பம் கம்பியையும் அறுத்துவிடும் என்பதால் தூண், பீம் ஆகியவற்றில் பொறியாளர் அனுமதியின்றிக் கை வைக்கக் கூடாது. கம்பியின் நீளவாட்டில் அறுத்தால் சங்கிலியும் பாழாகும்.

பராமரிப்பு

கடினமான கருங்கல் ஜல்லியை அறுக்கும்போது வைரத் துகள்கள் மழுங்கி, துண்டுகள் வழவழப்பாகிவிடும். அப்போது அழுத்தி அறுப்பது தவறு. சொரசொரப்பான மென்செங்கல்லில் சிலமுறை அறுத்தால் பழைய உலோகம் தேய்ந்து புது வைரம் வெளிவரும்.

சங்கிலியின் இறுக்கம் கையால் இழுத்தால் நகரும் அளவில் இருக்க வேண்டும். பட்டையின் அடியில் தொங்கக் கூடாது. வேலை முடிந்ததும் தண்ணீரோடு சில விநாடி வெறுமனே ஓட்டிச் சேற்றைக் கழுவி, பின்பு சங்கிலி, பட்டை, பல்சக்கரம் மூன்றிலும் மெல்லிய எண்ணெய் தெளிக்க வேண்டும். சேறு காய்ந்தால் சிமெண்டாகவே இறுகிவிடும். பட்டையை அவ்வப்போது தலைகீழாக மாற்றிப் பொருத்தினால் இருபுறமும் சமமாகத் தேயும்.