கூம்பு ஸ்பீக்கருக்கு 8 வாட் ஏன் போதும்?

ஸ்பீக்கரின் தகடு கனமானது, காற்றோ லேசானது. தகடு தள்ளும்போது காற்று நழுவிவிடுகிறது. சக்தியில் பெரும்பகுதி ஒலியாவதே இல்லை. குறுகிய கழுத்திலிருந்து மெல்ல விரியும் கூம்பு இரண்டையும் இறுகப் பிணைக்கிறது. 1 வாட்டில், 1 மீட்டர் தூரத்தில் சாதாரண ஸ்பீக்கர் 85 டெசிபல் தந்தால், பெரிய கூம்பு 105 வரை தரும். அந்த 20 டெசிபலைச் சாதாரண ஸ்பீக்கரில் எட்ட நூறு மடங்கு சக்தி வேண்டும்.

ஆகவே சுமார் 8 வாட் தரும் 300பி வால்வு ஆம்ப்ளிஃபயரே வீட்டுக்குத் தாராளம். வாட் கணக்கைத் துரத்தாதீர்கள். முதல் வாட் எவ்வளவு தூய்மை என்று பாருங்கள். ஆம்ப்ளிஃபயரின் இரைச்சலையும் கூம்பு உரக்கச் சொல்லிவிடும். வாங்குமுன் பாட்டை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

பேஸ்தான் சிக்கல். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே எட்டரை மீட்டர்; அதற்கேற்ற கூம்பு வீட்டு அறைக்குள் அடங்காது. அமெரிக்காவின் பால் கிளிப்ஷ் 1940களில் கூம்பை மடித்துப் பெட்டிக்குள் வைத்து, அறை மூலையின் சுவர்களை அதன் நீட்சியாக்கினார். அதுவே கிளிப்ஷார்ன் ஸ்பீக்கர். மூலை ஒழியாத அறைக்கு அது வேண்டாம்.