பழைய இரும்பில் பிறந்த புதுவண்டி

1960-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியாச் சிறுவர்கள் 20 அங்குலச் சக்கரமுள்ள பழைய சைக்கிள்களில் உயர்ந்த ஹாண்டில்பாரும் நீண்ட இருக்கையும் பொருத்தி ஓட்டலாயினர். இதைக் கேள்வியுற்ற சிக்காகோ ஸ்வின் நிறுவனத்தின் ஆல் பிரிட்ஸ், 1963-இல் ‘ஸ்டிங்-ரே’ வண்டியை உருவாக்கினார். சிறுவரிடம் தொழிற்சாலை பாடம் கற்றது!

பின்னர் ‘சாப்பர்’ மோட்டார் சைக்கிளைப்போல் முன்ஃபோர்க்கை நீட்டும் ஆசையும் எழுந்தது. ஒரு பழைய ஃபோர்க்கின் கால்களை அறுத்து, மற்றொன்றின் கால்களில் அடித்துச் செருகினர். இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஃபோர்க் நீள நீள, வண்டியின் முன்புறம் உயர்கிறது. மெல்லச் செல்கையில் சக்கரம் பக்கவாட்டில் சாயப் பார்க்கிறது. நீண்ட கால் நெம்புகோலாகி, ஒவ்வொரு பள்ளத்திலும் இணைப்பை முறிக்க முயல்கிறது. ஓட்டத்தில் அது கழன்றால், ஓட்டும் சிறுவன் முகங்குப்புற விழுவான்.

ஆதலின் பெற்றோர்க்கு நாம் கூற விரும்புவது இதுவே: பிள்ளைகளின் கைத்திறனைத் தடுக்க வேண்டாம். கழற்றுதல், துரு நீக்குதல், வண்ணம் பூசுதல் யாவும் அவர்களே செய்யட்டும். விரிசல் கண்ட குழாயை நாம் ஒதுக்குவோம். பற்றவைக்கும் பணியைத் தேர்ந்த தொழிலாளியிடம் ஒப்படைப்போம். பிரேக்கைச் சோதித்த பின்னரே ஏறவிடுவோம். கற்பனை பிள்ளைகளுடையது, காவல் நம்முடையது.