பச்சைத் தேயிலையும் புற்றுநோய்த் தடுப்பும்

புற்றுநோய் என்னும் பெயரைக் கேட்ட அளவிலேயே உள்ளம் நடுங்குகின்றது. அந்நோயை வருமுன் காக்கும் வழி நாள்தோறும் அருந்தும் தேநீர்க் கோப்பையிலே அடங்கியிருக்குமாயின், அதனினும் நற்செய்தி வேறில்லை. பச்சைத் தேயிலைக்கு அத்தகைய ஆற்றல் உண்டா என்ற வினாவுக்கு விடை காண அறிஞர் பல்லாண்டுகளாக முயன்று வருகின்றனர்.

பச்சைத் தேயிலையும், இலங்கை மலைநாட்டிலே பெரும்பாலும் ஆக்கப்படும் கறுப்புத் தேயிலையும் ஒரே இனச் செடியின் கொழுந்துகளே. பக்குவஞ் செய்யும் முறையே வேறு. கறுப்புத் தேயிலைக்காகக் கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்பட வைப்பர். அப்பொழுது இலையிலுள்ள நொதியமொன்றின் செயலால் ஒட்சியேற்றம் நிகழ்ந்து, கற்றேச்சின்கள் என்னும் பொருள்களிற் பெரும்பகுதி வேறு பொருள்களாக மாறிவிடுகின்றது. பச்சைத் தேயிலையையோ யப்பானியர் பறித்தவுடன் நீராவியில் அவிப்பர். சீனர் பெரும்பாலும் சட்டியிலிட்டு வறுப்பர். வெப்பத்தினால் நொதியம் செயலிழக்க, கற்றேச்சின்கள் மாறாது எஞ்சுகின்றன. யப்பானியப் பெண் விஞ்ஞானியான மிச்சியோ சுஜிமுரா 1929 ஆம் ஆண்டில் பச்சைத் தேயிலையிலிருந்து கற்றேச்சினைப் பிரித்தெடுத்தார். இவ்வினப் பொருள்களுள் பச்சைத் தேயிலையில் மிகுதியாயிருப்பது எபிகலோகற்றேச்சின் கலேற்று ஆகும்.

1987 ஆம் ஆண்டில் ஹிரோத்தா பூஜிக்கியும் அவருடைய குழுவினரும் இப்பொருளைச் சுண்டெலிகளின் தோலிலே பூசிப் பார்த்தனர். புற்றைத் தூண்டும் இரசாயனம் இடப்பட்ட போதிலும், கட்டிகள் தோன்றுவது குறைந்தது. கலங்கள் கட்டுக்கடங்காது பெருகுதற்குரிய சமிக்ஞைகளை இது தடுப்பதாகப் பின்னர் நிகழ்ந்த ஆய்வுகூடச் சோதனைகளும் காட்டின.

ஆயினும் சுண்டெலி வேறு, மனிதன் வேறு. அருந்திய கற்றேச்சினில் மிகச் சிறு பங்கே மனிதனுடைய இரத்தத்தைச் சென்றடைகின்றது. ஆய்வுகூடக் கிண்ணத்திற் கலங்களுக்கு ஊட்டப்படும் அளவோ பன்மடங்கு கூடியது.

மக்களிடையே நடந்த ஆய்வுகள் கூறுவது யாது? யப்பானின் மியாகி மாநிலத்தில் 26,311 பேரை அவதானித்த ஆய்வொன்று 2001 இல் வெளியாயிற்று. பச்சைத் தேநீரை மிகுதியாக அருந்தியோருக்கு இரைப்பைப் புற்றுநோய் குறைந்ததாக அது காட்டவில்லை. 40,530 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், தேநீர் மிகுதியாக அருந்தியோரிடையே இதய, இரத்தக்குழாய் நோய்களால் நேரும் மரணம் குறைந்திருந்தது. புற்றுநோய் மரணமோ குறைந்திருக்கவில்லை. அதே ஆண்டில் இத்தாலியிலிருந்து நம்பிக்கை தரும் செய்தியொன்று வந்தது. முன்னிற்குஞ் சுரப்பியிலே புற்றுக்கு முன்னோடியான மாற்றங்கண்ட 60 ஆடவருள் பாதிப்பேருக்கு ஓராண்டு கற்றேச்சின் கொடுக்கப்பட்டது. அவர்களுள் ஒருவருக்கே புற்றுநோய் கண்டது. வெறும் மாத்திரை பெற்ற மற்றப் பாதியினருள் 9 பேருக்குக் கண்டது. ஆனால் 60 பேரைக் கொண்டு உலகத்துக்கு விதி வகுத்தல் இயலாது. 142 ஆய்வுகளைத் தொகுத்து 2020 இல் வெளியான கொக்கிரேன் மதிப்பீடு, சான்றுகள் ஒன்றோடொன்று ஒவ்வாதன என்றே முடிவு கூறியது.

இங்கு எச்சரிக்கையும் வேண்டும். தேநீர் வேறு, அதன் சாரத்தைச் செறித்த மாத்திரை வேறு. நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் எபிகலோகற்றேச்சின் கலேற்றை மாத்திரையாக உட்கொள்வோருக்கு ஈரல் பாதிப்பின் அறிகுறிகள் தோன்றலாம் என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2018 இல் அறிவித்தது. என்பு மச்சைப் புற்றுநோய்க்குரிய போட்டெசோமிப் என்னும் மருந்தை இப்பொருள் பற்றிப்பிடித்துப் பயனற்றதாக்குவதை 2009 ஆம் ஆண்டின் ஆய்வுகூடச் சோதனைகள் வெளிப்படுத்தின. நோயைத் தடுக்குமென நம்பிய பொருளே மருந்தைத் தடுத்தது! ஆகவே, சிகிச்சை பெறுவோர் வைத்தியரைக் கேளாது இத்தகைய மாத்திரைகளை உட்கொள்ளலாகாது. மேலும், 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட கொதி சூட்டில் எப்பானத்தை அருந்தினும் அது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு ஏதுவாகக்கூடும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2016 இல் கூறியது.

இவற்றால் பெறப்படுவது யாதெனில், பச்சைத் தேநீர் இனிய பானம். அளவோடு ஆறவைத்து அருந்துவதிலே தீங்கில்லை. அதனை நம்பிப் புகையிலையைக் கைவிடாதிருப்பதும், உடலிலே கட்டியொன்று தோன்றிய பின்னும் வைத்தியரிடம் செல்லாது நாட்கடத்துவதுமே பெருந்தீங்காகும். காலத்தோடு கண்டறியப்படும் புற்றுநோய்களுட் பல குணமாகக் கூடியவை. இழந்த காலத்தை எந்தக் கோப்பைத் தேநீரும் மீட்டுத் தராது.